நீலப் போர்வைக்கு டோக்கன் இல்லை

அந்தத் தெருவில் சட்டம் படிக்காமலே "சட்டக்காரி" என்று பேர் வாங்கியவள் சலவைக்கடைக்காரி ஒருத்திதான். கடைக்குள் காலை வைத்ததும் எதிர்ச் சுவரில் கொட்டை எழுத்தில் மூன்று சட்டங்கள் கண்ணில் படும். வாய் வார்த்தை செல்லாது, எல்லாம் எழுத்தில் வேண்டும். டோக்கன் போடாத துணி உள்ளே வராது. தொண்ணூறு நாள் வரை துணியைப் பத்திரமாக வைத்திருப்போம், அதற்குப் பிறகு கேட்டு வரக்கூடாது. "ஏம்மா, இது சலவைக்கடையா, கோர்ட்டா?" என்று ஒருவர் ஒருமுறை கேலியாகக் கேட்டார். "கோர்ட்டுல உங்க காலர் அழுக்கை யாரு சார் எடுப்பாங்க?" என்று பதிலுக்குக் கேட்டாள். அன்றிலிருந்து அவர் வேறு கடைப் படி ஏறியதில்லை.

நாலாவதாக ஒரு சட்டம் உண்டு. அது சுவரில் கிடையாது, கடை ஆட்களுக்குள் மட்டும். மெசேஜைத் திறந்தவர் தலையில் வேலை.

கடைக்கு ஒரே நம்பர். அந்த நம்பருக்கு வரும் மெசேஜ் நாலு இடத்தில் ஒரே நேரத்தில் விழும்: முன்மேஜையில் இருக்கும் டேப்லெட்டில், அவள் கைபோனில், டெலிவரி வண்டியில் புருஷனின் போனில், பின்கட்டில் கறை எடுக்கும் அம்மாளின் போனில். முக்குக்கடை மொபைல்காரன் செய்து கொடுத்த ஏற்பாடு அது. திறக்காத மெசேஜுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். யார் எங்கே திறந்தாலும் நாலு இடத்திலும் புள்ளி போய்விடும். புள்ளி போனால் யாரோ அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் மற்றவர்கள் அதைப் பற்றிக் கேட்கக்கூடாது, ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் துணி எப்போது காய்வது? ஏழு வருஷமாக இந்த வழக்கத்தில் கடை ஒரு நாளும் தடுமாறியதில்லை. பிறகு நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தால், இந்த நாலாவது சட்டத்தைத்தான் தூக்கிப் போட்டு மிதிக்க வேண்டும் போல இருக்கிறது.

சட்டம் போடும் புத்தி அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல, பட்டு வந்தது. அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தங்கச்சிக்கு எட்டு. அப்பா இருந்தும் இல்லாத மாதிரி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் ஒன்றில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கச்சி ஸ்கூல் விட்டு வந்து, சூடு ஆறாத விரிப்புகளின் நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், அப்படியே தூங்கியும் போவாள். வண்டி ஓட்டுகிற ஒருவர் பெண் கேட்டு வந்தபோது இவள் போட்ட முதல் சட்டமே இதுதான்: "நான் வந்தா என் தங்கச்சியும் வருவா." அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. "வண்டில இடம் இருக்கு" என்றார். நல்ல மனுஷன். இன்றைக்கும் அவர் பேச்சு அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தவளும் இவள்தான். அந்தக் குற்ற உணர்ச்சி ஒன்று போதும், ஆயுசு முழுக்க அவளை அரிப்பதற்கு. ரயிலில் டிக்கெட் செக்கர், கஞ்சி போட்ட சட்டை, குனிந்து பேசும் மரியாதை. துணியென்றால் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்த்தே கையில் வாங்குகிறவள், ஆளை அப்படிப் பார்க்கத் தவறிவிட்டாள். செக்கர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. டூட்டிக்குப் போகும்போது வீட்டை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான். மனைவி கையில் போன் கூடாது என்றான். கடைக்குப் போனால் எத்தனை நிமிஷம் என்று கணக்குக் கேட்பான். ஒரு தடவை குழந்தைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. தங்கச்சி பூட்டிய கதவைத் தட்டித் தட்டி, கைமுட்டி வீங்கியதுதான் மிச்சம். போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு முறை போனாள். "குடும்பத்துல இதெல்லாம் சகஜம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். நாசமாய்ப் போன சகஜம்!

ஒருநாள் பூட்ட மறந்து போய்விட்டான். ஆறு வயது மகளையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு தங்கச்சி கிளம்பிவிட்டாள்.

வேறு ஊர். பிஸ்கட் பேக்டரியில் பெட்டி அடுக்கும் வேலை, ஒரு வீட்டு மாடியில் அறை, கீழ்வீட்டு அம்மாள் ஸ்கூல் விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். புதுப் போன், புது நம்பர். இவ்வளவு சொன்னாளே தவிர எந்த ஊர், எந்தத் தெரு என்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

"ஏன்டி, என்கிட்டயுமா?"

"அவரு வந்து கேட்டா நீ பொய் சொல்லணும்கா. உனக்குப் பொய் வராது. மூக்கு நுனி சிவந்துடும்."

அது உண்மைதான். ஒரே வாரத்தில் செக்கர் கடைக்கு வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "அண்ணி, எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையை நினைச்சா சோறு இறங்கல" என்றான். தெரியாது என்றாள். மூக்கு சிவக்கவில்லை, ஏனென்றால் தெரியாது. அவள் மூக்கையே சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டுப் போனான்.

அக்காவும் தங்கச்சியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பேக்டரியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், பதினொரு மணி டீ இடைவேளையில் பத்து நிமிஷம் எடுக்கலாம். அந்த நேரத்தில் தங்கச்சி கடை நம்பருக்கு வாடிக்கையாளர் மாதிரி ஒரு வரி அனுப்புவாள். "நீலப் போர்வை ரெடியா?" அப்படி வந்தால் நாங்கள் சௌக்கியம். "இன்னும் ஒரு நாள் ஆகும்" என்று இவள் பதில் போட்டால் நானும் சௌக்கியம். இந்த விஷயத்தைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, தங்கச்சிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

முதல் நாளே வேடிக்கை நடந்தது. கறையம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பின்கட்டு அம்மாள் மெசேஜைத் திறந்துவிட்டு, திறந்த பாவத்துக்கு அரை நாள் நீலப் போர்வை தேடினாள். அலமாரி, மெஷினுக்குள், கூடைக்கு அடியில் என்று ஒரு இடம் பாக்கியில்லை.

"இப்படி ஒரு போர்வை நம்ம கடைக்கு வந்த மாதிரியே தெரியலையே! நான் தொலைச்சிட்டேன்னு என் தலையில கட்டிடாதீங்க, ஆமா!"

"அந்தப் போர்வை என் பொறுப்பு. அந்த மெசேஜை இனி நீங்க தொட வேணாம்."

"அப்பாடா, நான் ஏன் தொடறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

அதற்குப் பிறகு இரண்டு வாரம் சரியாக இருந்தது. பதினொரு மணிக்குச் சிவப்புப் புள்ளியோடு நீலப் போர்வை வரும், இவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறப்பாள், அன்றைய பொழுது அதோடு விடிந்த மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் ஒருநாள் மெசேஜ் விழுந்த சத்தம் கேட்டு வந்து பார்த்தால் புள்ளியைக் காணோம். யாரோ திறந்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் இவள் டேப்லெட் முன்னாலேயே நின்றாள். மெசேஜ் வந்தது, புள்ளி தெரிந்தது, இவள் விரலை நீட்டுவதற்குள் அணைந்தது.

பின்கட்டுக்குப் போனாள். கறையம்மா இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டு ஒரு கோட்டின் மேல் குனிந்திருந்தாள்.

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"எதை?"

"போர்வை மெசேஜை."

"என் பிள்ளை மேல சத்தியமா நான் தொடலம்மா! கையைப் பாருங்க, இதை வச்சுக்கிட்டுப் போனைத் தொட்டா போன் வெந்து போகும்!"

அப்படியென்றால் புருஷன்தான். சாயங்காலம் அவரைப் பிடித்தாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடுகிறீர்களா என்று பாய்ந்தாள். "இல்லையே" என்றார். இரண்டு பேரில் ஒருவர் புளுகுகிறார் என்று அவளுக்குப் பட்டது. கறையம்மாவுக்கு வம்பில் ருசி உண்டு, அவளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கறையம்மா சோப்புத் தண்ணீரில் தன் கண்ணீரையும் சேர்த்து வடித்தாள். பாவம், அந்த மனுஷியை எவ்வளவு நோகடித்துவிட்டாள்! வேறு எந்த வீடாக இருந்தாலும் தனக்கு வந்த மெசேஜை இன்னொருவர் திறந்திருந்தால் உடனே மொபைல்காரனைத் தேடி ஓடியிருப்பார்கள். இவர்கள் கடையில்தான் மெசேஜ் திறந்து கிடப்பது வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஏழு வருஷப் பழக்கம், கண்ணை அப்படிக் கட்டிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி கீழ்வீட்டு அம்மாளின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, பாப்பா கண்ணாடி உடைஞ்சு போச்சு. ஸ்கூல்ல விழுந்துட்டா. அது இல்லாம அவளுக்குப் போர்டே தெரியல. டீச்சர் அடிக்கடி கூப்பிட்டுச் சொல்றாங்க."

"அவ கண்ணு பவர் எழுதின சீட்டு என்கிட்ட இருக்குடி. போன தடவை நான்தானே செஞ்சு குடுத்தேன்? நாளைக்கே போட்டு அனுப்பறேன். விலாசம் சொல்லு."

தங்கச்சி குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்றேன்கா. எழுதிக்க."

"வேணாம். வாயால சொன்னா நான் ஒண்ணு எழுத நீ ஒண்ணு சொல்லுவ, பார்சல் எங்கயாவது போய்ச் சேரும். நாளைக்குப் பதினொரு மணிக்கு மெசேஜ்ல போடு. போர்வையை டெலிவரி பண்ணுங்கன்னு எழுதி விலாசத்தைப் போடு."

"வாயாலயே சொல்லிடறேன்கா."

"எழுத்துல வேணும்டி. எழுத்துல இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

தங்கச்சி சிரித்தாள். "சரிங்க சட்டக்காரம்மா" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடிக்கடைக்குப் போய் வந்துவிட்டாள். சிவப்புச் சட்டம் போட்ட குட்டிக் கண்ணாடி, பெட்டிக்குள் மெத்தென்று பஞ்சு வைத்து மேஜை இழுப்பறையில் தயாராக இருந்தது. பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைக் கதவு திறந்தது. செக்கர் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. அக்குளில் ஏதோ இடுக்கியிருந்தான். மேஜை மேல் வைத்து மெதுவாகப் பிரித்தான்.

நீலப் போர்வை.

"இதைச் சலவைக்குப் போடணும் அண்ணி" என்றான். "எப்ப ரெடியாகும்?"

அவள் போர்வையையே பார்த்தாள். கை மட்டும் பழக்கத்தில் டோக்கன் புத்தகத்தை இழுத்து எழுதியது. அறுநூற்றுப் பன்னிரண்டு. கிழித்துக் கொடுத்தாள். அவன் அந்தச் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான், ரயிலில் டிக்கெட் பார்ப்பது போலவே.

"உங்க கடையில எல்லாருக்கும் டோக்கன் நம்பர் இருக்கு அண்ணி. மெசேஜ் போடறவங்க எல்லாரும் நம்பர் சொல்லித்தான் கேக்கறாங்க. நானூத்திப் பத்து கோட்டு, நானூத்தி முப்பது திரைச்சீலை. இந்த நீலப் போர்வைக்கு மட்டும்தான் டோக்கன் இல்ல. எனக்கு வேலையே அதுதானே, டிக்கெட் இல்லாம வர்றது யாருன்னு பார்க்கறது?"

இவனுக்கு எப்படித் தெரியும், எப்படித் தெரியும் என்று ஒரே கேள்வி மண்டைக்குள் சுற்றியது. அதற்குள் மேஜையில் டேப்லெட் மணி மாதிரி ஒலித்தது. அவள் இடுப்பில் போன் ஒலித்தது. பின்கட்டில் கறையம்மா போன் ஒலித்தது. கடைசியாக, செக்கரின் சட்டைப் பையிலிருந்து அதே மணி ஒலித்தது.

அவன் பையில் கை விட்டு ஒரு பழைய போனை எடுத்தான். ஓரம் விரிசல் விட்ட போன். பின்னால் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி "கறை" என்று எழுதியிருந்தது. எழுதியது அவளுடைய சொந்தக் கையெழுத்து.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்கட்டில் இருந்த போன் அது. கறையம்மாவுக்குப் புதுசு வாங்கியதும் பழையதைத் தங்கச்சியிடம் கொடுத்திருந்தாள், பாப்பா பாட்டுப் போட்டுப் பார்க்கட்டும் என்று. "சிம் இல்லாத போன் செத்த போன்டி, உன் புருஷன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று வேறு சொன்னாள். செத்த போனா? வீட்டு வைஃபை கிடைத்ததும் அது உயிரோடுதான் இருந்தது. கடையின் ஒவ்வொரு மெசேஜும் மூன்று வருஷமாக அந்த வீட்டுக்குள்ளும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. பாப்பா பாட்டுக் கேட்டதோடு சரி, யாரும் கவனிக்கவில்லை. அவசரத்தில் தங்கச்சி அதைச் சார்ஜரில் செருகியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். வெறும் வீட்டில் அந்த மணி திரும்பத் திரும்ப அடிப்பதை ஒருநாள் செக்கர் கேட்டிருக்கிறான். இப்போது தன் போனிலிருந்து அதற்கு நெட் கொடுத்துச் சட்டைப் பையில் வைத்துத் திரிகிறான்.

அவன் விரல் அசைந்தது. டேப்லெட்டில் சிவப்புப் புள்ளி அணைந்தது.

"'போர்வையை இந்த விலாசத்துக்கு டெலிவரி பண்ணுங்க'" என்று வாய்விட்டுப் படித்தான். ஊர், தெரு, வீட்டு நம்பர், மாடி, எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தான். பிறகு போனைப் பைக்குள் வைத்தான். "திறந்தவங்க வேலைன்னு உங்க கடையில ஒரு சட்டம் உண்டாமே? உங்க தங்கச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நான் திறந்துட்டேன் அண்ணி. டெலிவரி நான் பார்த்துக்கறேன்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கச்சியின் நம்பரைத் தட்டினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பதினொன்றே கால். டீ முடிந்து போன் லாக்கருக்குள் போய்விட்டது, இனி சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான். மெசேஜ் போடலாமென்று விரலை வைத்தவள் சுட்டது போல எடுத்துக்கொண்டாள். அவள் என்ன எழுதினாலும் அவன் பையிலும் போய் விழும். பேக்டரியின் பேரும் தெரியாது. கீழ்வீட்டு அம்மாள் நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள், அதையும் யாரும் எடுக்கவில்லை. "நான்தானே எழுதச் சொன்னேன்! பாவி, நான்தானே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கறையம்மா ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. புருஷன்.

"என்ன, ஊரு விட்டு ஊரு டெலிவரி எப்ப ஆரம்பிச்ச? மணி அடிச்சதே, வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். வண்டியில போர்வை எதுவும் இல்லையே?"

"எங்க இருக்கீங்க?"

"ஹோட்டல் விரிப்பு இறக்கிட்டுப் பெரிய ரோட்டுல நிக்கறேன். அந்த ஊரு இங்கேருந்து ஒரு மணி நேரம்."

கடையிலிருந்து போகிறவனுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். போர்வை இல்லை, தங்கச்சி, செக்கருக்குத் தெரிந்துவிட்டது, கிளம்பிவிட்டான். இத்தனை நாள் மறைத்துவிட்டேனே என்று அழுதாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பிள்ளை இப்ப ஸ்கூல்லயா?"

"ஆமா."

"சரி. வண்டில இடம் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றைக்குக் கடையில் யாருக்கும் துணி கிடைக்கவில்லை. அவள் கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கறையம்மா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், நாளைக்கு வாங்க என்று கறையம்மாதான் அனுப்பினாள். பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. இரண்டு மணிக்குப் புருஷன் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் வண்டியில இருக்காங்க" என்றார். அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

நடந்ததை மறுநாள்தான் அவர் சொன்னார். கீழ்வீட்டு அம்மாளிடம் ஸ்கூலையும் பேக்டரியையும் விசாரித்து, முதலில் தங்கச்சியைக் கேட்டில் கூப்பிட வைத்தார், பிறகு இரண்டு பேருமாகப் போய்ப் பிள்ளையை அழைத்தார்கள். அறையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தெருமுனையில் ஒரு கார் நின்றது. தங்கச்சி வண்டிக்குள் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டாள். பிள்ளையை இழுப்பதற்குள் அது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் ஒவ்வொரு வீட்டு நம்பராகப் பார்த்துக்கொண்டு வந்தான். வண்டி அவன் தோளை ஒட்டிக்கொண்டு போனது, வீட்டு நம்பரில் இருந்த கண்ணை அவன் எடுக்கவில்லை.

"பெரியப்பா, அங்க யாரோ ஒரு அங்கிள் நிக்கறாங்க" என்றது குழந்தை. "யாருன்னே தெரியல. எல்லாம் புகையா இருக்கு."

கண்ணாடி உடைந்ததால்தான் அவன் வந்தான். கண்ணாடி இல்லாததால்தான் பிள்ளை "அப்பா" என்று கூப்பிடவில்லை.

அவர்களை எங்கே கொண்டு போய் விட்டார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சிவப்புக் கண்ணாடியை மட்டும் அவர் கையில் கொடுத்தாள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அது வண்டியில் இல்லை. மொபைல்காரன் வந்து டேப்லெட்டைத் தட்டி ஒரு பட்டியலைக் காட்டினான். கடை நம்பரின் மெசேஜ் போகும் இடங்கள். நாலுக்குப் பதில் ஐந்து இருந்தன, ஐந்தாவதாக "கறை". "இதை எடுத்துடவாக்கா?" என்றான். ஒரே ஒரு தட்டு. போய்விட்டது. மூன்று வருஷம் திறந்து கிடந்த கதவு, சாத்த அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. கறையம்மாவிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். "எழுத்துல குடுங்க" என்றாள் கறையம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. ஒரு டோக்கன் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். கறையம்மா அதைப் பின்கட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இப்போது பதினொரு மணிக்கு எதுவும் வருவதில்லை. அந்த நேரம் வந்தால் அவள் டேப்லெட்டைத் திரும்பிப் பார்ப்பாள். எட்டு வயதிலிருந்து வளர்த்த பிள்ளை எந்தத் திக்கில் இருக்கிறாள் என்று தெரியாமல் சட்டைகளுக்கு டோக்கன் குத்திக்கொண்டிருப்பாள். நீலப் போர்வையைத் தொட மாட்டேன் என்று கறையம்மா சொல்லிவிட்டாள். அவளே துவைத்தாள், காய வைத்தாள், மடித்து உறையில் போட்டு 612 என்று எழுதிக் கம்பியில் தொங்கவிட்டாள். டோக்கன் போட்ட துணி, அதை எறிய அவளால் முடியவில்லை. தொண்ணூறு நாளில் இன்னும் எத்தனை பாக்கி என்று தினமும் பார்த்தாள்.

ஐம்பத்து மூன்றாவது நாள், சரியாகப் பதினொரு மணிக்கு, மணி அடித்தது. டேப்லெட்டில், இடுப்பில், பின்கட்டில்.

செக்கரின் சொந்த நம்பர். பட்டியலில் மெசேஜின் முதல் வரி மட்டும் தெரிந்தது. "டோக்கன் 612. நீலப் போர்வை ரெடியா?"

சிவப்புப் புள்ளி அப்படியே நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஏழு வருஷத்தில் எந்த மெசேஜும் அவ்வளவு நேரம் திறக்காமல் கிடந்ததில்லை. கறையம்மா ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். "நான் திறக்கலம்மா" என்றாள். போன் அடித்தது.

"பார்த்தேன்" என்றார் புருஷன் வண்டியிலிருந்து. "நீ தொடாத. பேசாம அழிச்சிடலாம். அவன் கடைப்பக்கமே வரக்கூடாது."

அவள் கம்பியில் தொங்கிய போர்வையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வரட்டும்" என்றாள். "இங்க வந்து நிக்கறான்னா, அவளை இன்னும் கண்டுபிடிக்கலைன்னுதானே அர்த்தம்? அவன் வராம போற அன்னிக்குத்தாங்க எனக்குப் பயம்."

"சரி, நான் திரும்பி வரேன்" என்றார் அவர்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெசேஜைத் திறந்தாள். நாலு இடத்திலும் புள்ளி அணைந்தது. "ரெடி. வந்து வாங்கிக்கலாம்" என்று பதில் போட்டாள். பிறகு கம்பியிலிருந்து போர்வையை இறக்கி, மேஜை மேல் வைத்து, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.